கால் பட்ட வரிசை

எனக்குப் பிழைப்பே புழுவில்தான். விழுப்புரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து, டப்பாவில் வருகிற மலத்திலும் சிறுநீரிலும் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. காலையில் திண்டிவனத்தில் ரயிலைப் பிடித்தால் சாயங்காலம் அதே கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு திரும்புவேன். கொக்கிப்புழு, நாக்குப்பூச்சி எல்லாம் பார்த்தாயிற்று, இனிமேல் புதிதாக என்ன இருக்கிறது என்று எனக்குள் ஒரு திமிர் இருந்தது. யாராவது சாமியாடினால் சிரிப்பு வரும். செய்வினை என்று பேச்செடுத்தால் கோபம் வரும். அந்தத் திமிரை என் அண்ணியின் கனகாம்பரக் கொல்லை ஒரே மத்தியானத்தில் பிடுங்கிக்கொண்டது.

கொல்லை என்றால் அரைக்காணி, முக்கால் ஏக்கருக்கும் குறைவான நிலம். பிரம்மதேசம் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு கிணறு, தளம் போட்ட ஒரு மோட்டார் கொட்டாய், நாலு பனைமரம். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் ஒரு சாண் நிலம் கிடையாது. எல்லோரும் அடுத்தவர் கொல்லையில் குனிந்தவர்கள். அண்ணன் திண்டிவனத்து மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப்போய் வாங்கிய நிலம் அது. வாங்கிய அன்றே, செத்தால் தன்னை ஊர்ச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, இந்த மண்ணிலேயே புதைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நாங்கள் சிரித்தோம். பத்திரத்தில் மை காய்வதற்குள் சாவுப் பேச்சா என்று நான் திட்டியதும் நினைவிருக்கிறது.

அவர் சொன்னபடியே ஆயிற்று. ஒரு நாள் காலை அண்ணியும் அவரும் வரப்பில் பேசிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். முன்னால் போன அண்ணி திரும்பிப் பார்த்தபோது அவர் விழுந்து கிடந்தார். மாரடைப்பு என்றார்கள். கிணற்றுக்கு எதிர் மூலையில் அவரைப் புதைத்தோம். மழைக்குக் கரையாமல் இருக்க டிராக்டரில் செம்மண் கொண்டுவந்து கொட்டி, மேட்டை நன்றாக உயர்த்தினோம். எங்கள் வம்சத்தில் சொந்த மண்ணில் படுத்த முதல் ஆள் என்று உறவினர்கள் அழுகைக்கு நடுவே பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

காரியம் முடிந்து இரும்பை என்கிற ஊர்ப் பக்கம் இருக்கிற தன் பிறந்த வீட்டுக்குப் போன அண்ணி, திரும்பும்போது கனகாம்பர நாற்று கொண்டுவந்தார். பிறந்த வீட்டிலிருந்து நாற்று எடுத்தால் வேரைக் கழுவக் கூடாது என்பது அவர்கள் வீட்டுப் பழக்கம். கழுவினால் அந்த வீட்டோடு ஒட்டு அறுந்துவிடுமாம். வேரோடு அப்பியிருந்த மண்ணையும் சேர்த்து முந்தானையில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்திறங்கி, நேராகக் கொல்லைக்குப் போய் மேட்டின் மேல் நட்டார். கொல்லை முழுக்கத்தான் கனகாம்பரம் இருக்கிறதே, அதில் நாலைப் பிடுங்கி வைத்திருக்கலாமே என்று கேட்டேன்.

"அது விக்கிற பூ. இது அவருக்கு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான்தான் வெக்கக் கூடாதுன்றாங்க. அவராவது வெச்சிக்கட்டும்," என்றார்.

அன்றிலிருந்து அண்ணிக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஒன்றுவிட்டு ஒரு நாள் பூப்பறிக்கிற காலையில், மற்ற பெண்கள் வருவதற்கு முன்பே போய்விடுவார். கிணற்றில் ஒரு குடம் மொண்டு மேட்டுக்கு ஊற்றுவார். களை இருந்தால் பிடுங்குவார். முதல் கைப்பூவை அங்கே வைத்துவிட்டு, சேறு பட்ட வெறுங்காலோடு அப்படியே முதல் வரிசையில் இறங்கிப் பறிக்க ஆரம்பிப்பார். கொல்லைக்குள் செருப்புப் போட்டு நடப்பது அண்ணனுக்குப் பிடிக்காது. அண்ணன் போன பிறகும் அதை அவர் மாற்றவில்லை.

மறு வருஷம் மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கியபோது மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு செடி வாடியது. மத்தியானத்தில் இலையெல்லாம் தொங்கி, சாயங்காலம் ஒன்றுமே நடக்காததுபோல் நிமிர்ந்து நிற்கும். மறு நாள் மறுபடி தொங்கும். இப்படிச் சில நாள் செத்துச் செத்துப் பிழைத்துவிட்டு, ஒரு சாயங்காலம் அது நிமிரவில்லை. தண்ணீர் போதவில்லை என்று அண்ணி கூடுதலாகப் பாய்ச்சினார். அடுத்த செடி தொங்கியது. இன்னும் பாய்ச்சினார். பிடுங்கிப் பார்த்தால் வேரின் மேல்தோல் கையோடு கழன்று வந்தது, உள்ளே கறுத்திருந்தது. மேட்டின் மேல் இருந்த செடிகள் மட்டும் பச்சைப் பசேலென்று, பூவுக்கு மேல் பூவாக நின்றன.

இதெல்லாம் எனக்கு முதலில் தெரியாது. ஒரு நாள் ஸ்டேஷனுக்குப் போக ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது, கொல்லையில் பூப்பறிக்க வருகிற பெண்களுக்கு மூத்தவரான ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா நெனச்சிக்காத. உங்க அண்ணி கால் வெச்ச எடம்தான் காயுது. நாங்க பாத்துக்கினுதான் இருக்கோம். அது எறங்குற வரிசைல எங்க பொண்ணுங்க எறங்க மாட்டேன்றாங்க."

நான் நடுரோட்டில் கத்தினேன். படிக்காத பேச்சு, புருஷன் செத்த பொம்பளை என்றால் எது வேண்டுமானாலும் பேசலாமா என்று என்னென்னவோ சொன்னேன். அவர், நீயே போய்ப் பார் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தலையாட்டல் அன்று முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைக்கும்போதெல்லாம் என் நினைவில் வந்து தொல்லை செய்தது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். நல்ல மத்தியானம். தரையில் நின்று பார்த்தபோது ஆங்காங்கே காய்ந்திருப்பதாகத்தான் தெரிந்தது. முழுசாகப் பார்க்கலாம் என்று மோட்டார் கொட்டாயின் மேல் ஏறினேன். ஏறியிருக்கவே வேண்டாம். எதிர் மூலையில் அண்ணனின் மேடு பச்சையும் ஆரஞ்சுமாக நின்றது. அதன் அடியிலிருந்து ஒரு பழுப்புத் தடம் கிளம்பி, ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு, முதல் வரிசையோடு நேராக வந்தது. வரிசை முடிகிற இடத்தில் அண்ணி எப்படித் திரும்புவாரோ அப்படியே திரும்பி அடுத்த வரிசையில் போனது. கடைசியில் கிணற்றடியில் அவர் கூடையை இறக்கி வைக்கிற கல்லுக்கு வந்து நின்றது. இரண்டு பக்கமும் செடிகள் நன்றாகவே இருந்தன. காற்று இல்லை, ஒரு இலை ஆடவில்லை. சாமியாடுகிறவர்களைப் பார்த்துச் சிரித்தவள், கூரையிலிருந்து இறங்கத் துணியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணி கீழே வரப்பில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலில் அண்ணனின் பழைய ரப்பர் செருப்பு இருந்தது.

அப்போதுதான் புரிந்தது, அவருக்கு இது எனக்கு முன்பே தெரியும். யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவுமில்லை. கொல்லைக்குள் இறங்குவதை நிறுத்தியிருந்தார். வரப்பிலும் கல் கல்லாகப் பார்த்துத்தான் அடி வைத்தார். மேட்டுக்கு மட்டும் சுற்றுவழியாகப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். கொஞ்ச நாளாக என் வீட்டுக்கு வந்தால் கேட்டுக்கு வெளியிலேயே நின்று பேசிவிட்டுப் போகிறாரே என்று எனக்கு ஒரு வருத்தம் இருந்தது. அதைக் கேட்டேன்.

"உன் வாசல்ல மொளகாச் செடி வெச்சிருக்கிறியே, பாப்பா," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பைத்தியமா அண்ணி உங்களுக்கு என்று கையைப் பிடித்தேன். கையை விடுவித்துக்கொண்டு, யாரிடமோ கணக்கு ஒப்பிப்பதுபோல் அமைதியாகச் சொன்னார்: "என்கூட நடந்துக்கினு வரும்போதுதான் அவரும் வுழுந்தாரு."

கொல்லையை யாருக்காவது குத்தகைக்கு விட்டுவிடப்போவதாகவும் சொன்னார். பிறந்த வீட்டுக்குப் போகலாம், ஆனால் அங்கேயும் செடி இருக்கிறதே என்றார். எங்கே போய் நிற்பது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே வானம் மூடிக்கொண்டு லேசாகத் தூறியது. தூறல் விழுந்ததுதான் தாமதம், செத்த வரிசைகள் பேச ஆரம்பித்தன. இங்கே ஒரு 'டப்', அங்கே ஒரு 'டப்', பிறகு தடம் முழுவதும் படபடவென்று. ஏதோ ஒன்று என் கன்னத்தில் சுள்ளென்று அடித்தது. கனகாம்பரத்தின் காய்ந்த காய் ஈரம் பட்டால் வெடித்து விதையைத் தெறிக்கும், எனக்குத் தெரியும். சின்ன வயசில் எச்சில் தொட்டு உள்ளங்கையில் வெடிக்க வைத்து விளையாடியவள்தான் நான். தெரிந்தும் மயிர்க்கூச்செறிந்தது. சத்தம் மேட்டடியிலிருந்து எங்களை நோக்கி வரிசை வரிசையாக நடந்து வருவதுபோலவே இருந்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.

"கூப்புடறாரு," என்றார்.

அன்று முடிவு செய்தேன். பயந்துவிட்டேன் என்பது உண்மை, ஆனால் பயத்தோடு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. மண்ணோடு சேர்த்து மூன்று இடத்து வேரைத் தனித்தனிப் பையில் போட்டுக்கொண்டேன். மேட்டின் மேலிருந்து ஒன்று, காய்ந்த தடத்திலிருந்து ஒன்று, கிணற்றுக்கு அந்தப் பக்கம் யாரும் அதிகம் போகாத மூலையிலிருந்து ஒன்று. விழுப்புரத்தில் பயிர் நோய் பார்க்கிற ஒரு அதிகாரி அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூஞ்சணத்தை அவர்கள் வளர்த்துப் பார்க்க வேண்டும், நாளாகும் என்றார். நான் லேப்பில் வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து, புழுவை நீங்களே பார்க்கலாமே என்று வழி சொல்லிக்கொடுத்தார். வேரைப் பொடியாக நறுக்கி, டிஷ்யூ காகிதத்தில் வைத்து, தண்ணீர் தொடுகிற மாதிரி வடிகட்டியில் விட்டுவிட வேண்டும். உள்ளே இருப்பது தானாக வெளியே வந்து அடியில் இறங்கும்.

மூன்று டம்ளரை லேப் மூலையில் வைத்துவிட்டுப் போனேன். மறு நாள் ஆட்கள் வருவதற்கு முன்பே போய், யாரும் போகாத மூலையின் தண்ணீரை முதலில் பார்த்தேன். சொல்லும்படி ஒன்றும் இல்லை. தடத்துத் தண்ணீரில் புழு இருந்தது. மேட்டுச் செடியின் தண்ணீரைக் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுக் குனிந்தேன். சொட்டு முழுவதும் அசைந்தது. கண்ணுக்குத் தெரியாத நூல் துண்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, அவசரமே இல்லாமல் நெளிந்துகொண்டிருந்தன. பெரிதாக்கிப் பார்த்தபோது ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு ஊசி இருந்தது. வெறும் தண்ணீரில், குத்துவதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில், அவை அந்த ஊசியை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தன. அண்ணனின் நெஞ்சுக்கு மேல் பூத்து நிற்கிற செடியின் வேர் அது. கண்ணை எடுத்துவிட்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், பிறகு மறுபடியும் கழுவினேன்.

பூஞ்சணத்தின் முடிவு வந்ததும் அதிகாரி அம்மா என்னை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். பூஞ்சணம் தடத்து வேரில் நிறைய இருந்தது. யாரும் போகாத மூலையின் மண்ணிலும் இருந்தது, ஆனால் அங்கே செடி நன்றாக இருக்கிறது. மேட்டுச் செடியில் புழு மண்டிக் கிடந்தது, பூஞ்சணம் இல்லை, அதுவும் நன்றாக இருக்கிறது. அண்ணன் வாங்குவதற்கு முன்பே பூஞ்சணம் அந்த நிலத்தில் இருந்திருக்கலாம் என்றார். தின்ன ஒன்றும் கிடைக்காவிட்டாலும் வருஷக்கணக்கில் மண்ணுக்குள் அப்படியே தூங்கிக் கிடக்குமாம். நல்ல வேருக்குள் அதனால் சுலபமாக நுழைய முடியாது. புழு வந்து வேரைக் குத்தி, உள்ளே புகுந்து, தின்றுகொண்டே நடந்து, முட்டை வைத்து, வழி திறந்து விட்டால் போதும், பின்னாலேயே பூஞ்சணம் நுழைந்துவிடும். புழு தின்று ஓய்ந்த வேருக்கு எதிர்த்து நிற்கவும் தெம்பு இருக்காது.

"தனித்தனியா வந்தா செடி ஓரளவு தாங்கும்மா. ரெண்டும் சேந்தா தாங்காது," என்றார்.

மேட்டின் மண் வெளியிலிருந்து கொட்டியது, உயரமானது, தண்ணீர் நிற்காதது. அதனால் பூஞ்சணம் இன்னும் அங்கே ஏறவில்லை. புழு மட்டும் அங்கே உட்கார்ந்து பெருகிக்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து நாற்று ஏதாவது மண்ணோடு வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன். அதற்குக் கால் கிடையாதே, அவ்வளவு தூரம் வரிசை வரிசையாக எப்படிப் போகும் என்று நான் கேட்டேன். அதுவாக ஊர்கிற தூரம் கொஞ்சம்தான், தண்ணீரில் போகும், மண்வெட்டியில் போகும் என்றவர், கடைசியாகச் சொன்னார்: சேற்றுக் காலில் போகும்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். யாரைப் பார்த்து நடுரோட்டில் கத்தினேனோ அந்த அக்கா சொன்னது சரி. அண்ணி கால் வைத்த இடம்தான் காய்ந்தது. இதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வது? பொய் சொல்லலாம், தண்ணீரில் வந்தது என்று மழுப்பலாம். ஆனால் மேட்டுச் செடிகளைப் பிடுங்கி எரிக்க வேண்டும் என்று அதிகாரி அம்மா திட்டவட்டமாகச் சொல்லியிருந்தார். என்ன காரணம் சொல்லி அதைப் பிடுங்குவேன்? சொல்லாவிட்டால் நிலம் போகும். சொன்னால் அண்ணி போய்விடுவாரோ என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

கடைசியில் செல்போனில் பிடித்திருந்த படத்தைக் காட்டிச் சொன்னேன். வரப்பில் உட்கார்ந்து, நெளிகிற அந்தச் சொட்டை அவர் வெகுநேரம் பார்த்தார். நாற்றைச் சொன்னேன். வேரைக் கழுவாததைச் சொன்னேன். குடத்துத் தண்ணீர், சேறு, வெறுங்கால், முதல் வரிசை எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கத் தைரியம் இருக்காது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பார்க்கவில்லை, தன் காலைத்தான் பார்த்தார்.

"அப்போ, கால்ல ஒட்டிக்கினு இருந்த மண்ணுலதான் இருந்துதா?"

ஆமாம் என்றேன்.

"கழுவுனா போயிடுமா?"

இத்தனை நாள் கழுவினால் போகாத ஒன்று தன் காலில் இருப்பதாக நினைத்து அந்த மனுஷி கல் கல்லாக நடந்திருக்கிறார். காலிலிருந்து போய்விடும் அண்ணி, நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போய்விடும் என்றேன். மண்ணிலிருந்து மட்டும் சுலபத்தில் போகாது என்பதையும் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கினாரா என்று தெரியாது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அண்ணன் செத்த அன்றுகூட அழாத அழுகையை அழுதார்.

செடிகளைப் பிடுங்குகிற அன்று பூப்பறிக்கிற பெண்கள் எல்லோரும் வந்து தள்ளி நின்றார்கள். அண்ணி யாரையும் கிட்டே விடவில்லை. மேட்டின் மேல் முழங்காலிட்டு, ஒவ்வொன்றாகப் பூவும் மொட்டுமாகப் பிடுங்கினார். காய்ந்த வரிசைகளையும் பிடுங்கிக் கொண்டுவந்து அங்கேயே குவித்தோம். சுள்ளியும் ஓலையும் போட்டு அவரே தீ வைத்தார். பச்சைச் செடி முதலில் புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. எங்களில் புதைப்பதுதான் வழக்கம், எரிப்பதில்லை. எரித்தாலும் பெண்கள் கொள்ளி வைப்பதில்லை.

"மண்ணுல வெச்சது போதும்னு இருந்தேன்," என்றார் புகைக்கு நடுவிலிருந்து. "இன்னிக்குத்தான் கொள்ளி வெக்கிறேன், பாப்பா."

அணைந்ததும் கிணற்றடியில் ஒரு தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து வைத்தேன். இனி கொல்லைக்குள் யார் இறங்கினாலும், மண்வெட்டி இறங்கினாலும் அதில் முக்கிக் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று அதிகாரி அம்மா சொல்லியிருந்ததைச் சொன்னேன். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எங்கள் காலில் என்ன இருக்கிறது என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அன்று என்னிடம் ஏச்சு வாங்கிய அந்த அக்கா முன்னால் வந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முதலில் தன் காலைத் தொட்டியில் வைத்தார். கழுவிவிட்டு, நகர்ந்து, அண்ணிக்கு இடம் விட்டார்.

அண்ணி ரப்பர் செருப்பைக் கழற்றினார். குதிகால், விரலிடுக்கு, நகக்கண் என்று தேங்காய் நார் வைத்துத் தேய்த்தார். போதும் என்று நான் சொன்ன பிறகும் தேய்த்தார். காய்ந்த வரிசைகளுக்கு அந்தப் பக்கம், இன்னும் நன்றாக இருக்கிற செடிகளில் பூ பறிக்க வேண்டியிருந்தது. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வரப்பிலிருந்து இறங்கினார்.

இப்போது செத்த வரிசைகளில் வேப்பம் புண்ணாக்குப் போட்டு உழுது செண்டுமல்லி வைத்திருக்கிறோம். அதன் வேர் அந்தப் புழுவுக்கு ஆகாதாம். எண்ணிக்கை குறையும், ஒழியாது என்கிறார் அதிகாரி அம்மா. பூஞ்சணம் எங்கேயும் போகவில்லை, அது அங்கேயேதான் இருக்கிறது. மேடு மொட்டையாக இருக்கிறது. அண்ணி என் வீட்டு வாசலில் காலைக் கழுவிவிட்டு, மிளகாய்ச் செடியைத் தாண்டி உள்ளே வந்து டீ குடித்துவிட்டுப் போகிறார். நான் செய்த உருப்படியான காரியம் என்று அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றை அவரிடம் சொல்லவில்லை. அன்று அவர் இறங்கி நடந்தபோது, ஈர மண்ணில் தடம் ஒவ்வொன்றாக விழுந்தது. எல்லாம் தெரிந்த நான், புழுவின் வாயில் இருக்கிற ஊசிவரை பார்த்த நான், பூ பறிக்காமல் நின்று அந்தத் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறு நாள் ரயிலுக்குப் போகாமல், மத்தியான வெயிலில் மோட்டார் கொட்டாயின் மேல் ஏறி மறுபடியும் பார்த்தேன். செடிகள் நிமிர்ந்துதான் இருந்தன. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன்.